அந்தமானுக்கு அப்பால்

அந்தமான் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனக்கண்முன் வந்து நிற்பது சிறைச்சாலை. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் தேசபக்தர்கள் செக்கிழுத்தார்கள், நார் அடித்தார்கள், உண்ணாவிரதம் இருந்து உயிரும் நீத்தார்கள். 1943-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 30-ந் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் தேசியக் கொடியை உயர்த்தினார். 2024-இல் அந்நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற புதுப் பெயர் சூட்டப்பட்டது. இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கும் சரித்திரம்.

ஆனால், நம் கவனம் அந்தத் தீவுகளோடு நின்றுவிடுகிறது. தீவுகளுக்கு அப்பால், கிழக்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், "கடல்தான் இருக்கிறது, வேறென்ன?" என்று சொல்லிவிடுவோம். உண்மை; கடல்தான் இருக்கிறது. ஆயினும் அது வங்காள விரிகுடாவைப் போன்ற கடலன்று. வடக்கே பர்மா, கிழக்கே தாய்லாந்தும் மலேயாவும், தெற்கே சுமத்ரா, மேற்கே நம் அந்தமான், நிக்கோபார் தீவுகள் ஆகிய எல்லைகளுக்குள் அடங்கிய இந்த அந்தமான் கடலின் பரப்பு சுமார் 8 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் ஆறு மடங்கு. இதன் நடுவே பூமியின் மேலோடு கிழிந்து, கிழிந்த இடத்தில் புதிய தரை உண்டாகி, இன்றைய தினம் வரையில் கடல் அகன்றுகொண்டே வருகிறது.

இப்படி ஒரு கடல் பிறப்பதற்குக் காரணம் என்ன? அந்தக் காரணத்துக்கும், 2004-ஆம் வருஷத்தில் நம் கடற்கரையைச் சூறையாடிய பேரலைக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு. இரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள். ஆகையால் இதைப் பூகர்ப்ப சாஸ்திரிகளின் தனிச் சொத்தென்று எண்ணி நாம் ஒதுங்கியிருப்பதற்கில்லை.

முன்னே நெருக்கம், பின்னே விரிவு

பூமியின் மேலோடு ஒரே ஓடாக இல்லை. பல பெருந் தட்டுகளாகப் பிளவுபட்டுக் கிடக்கிறது. ஒவ்வொரு தட்டும் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்கிறது. இரண்டு தட்டுகள் எதிர்ப்படும் இடத்தில், கனமான கடல்தரைத் தட்டு மற்றதன் கீழே வளைந்து இறங்கிப் பூமியின் உள்ளே அமிழ்ந்துபோகிறது. நம் பாரத தேசத்தைச் சுமக்கும் தட்டு வடகிழக்காக நகர்ந்து, அந்தமான், நிக்கோபார், சுமத்ரா ஆகியவற்றின் மேற்கு ஓரமாக இவ்வாறுதான் உள்ளே இறங்குகிறது. இறங்கும்போது அதன் முதுகிலிருந்து வழிக்கப்பட்ட வண்டலும் பாறையும், மண்வெட்டியின் முன் குவியும் மண்ணைப் போல மேலே குவிந்தன. அந்தக் குவியலின் உச்சிதான் இன்று அந்தமான் தீவுகளாகக் கடலுக்கு மேலே தெரிகிறது.

இறங்கிய தட்டு சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தை அடையும்போது, அதன் பாறைகளில் அடங்கியிருந்த நீர் வெப்பத்தினால் வெளிப்பட்டு மேலேயுள்ள பாறையோடு கலக்கிறது. பொற்கொல்லர் வெண்காரம் சேர்த்து உருக்கும் வேலையை எளிதாக்கிக் கொள்கிறார் அல்லவா? அதுபோல, நீர் சேர்ந்ததும் பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகத் தொடங்குகிறது. உருகிய குழம்பு மேலெழுந்து எரிமலைகளாகிறது. தட்டு இறங்கும் கோட்டுக்குச் சமதூரத்தில் இவ்வெரிமலைகள் வில்லைப் போல வளைந்து வரிசையாக அமைவதால், இதனை எரிமலை வில் என்கிறார்கள்.

இனித்தான் அதிசயம். இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும் இடத்தில், எரிமலை வில்லுக்குப் பின்புறம் நிலம் மடிந்து உயரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் அப்படித்தான் நேர்ந்திருக்கிறது. ஆனால் உலகத்தின் வேறு பல இடங்களில் வில்லின் பின்னே நிலம் இழுபட்டு மெலிந்து, கிழிந்து, பள்ளமாகிக் கடல் புகுந்திருக்கிறது. பசிபிக் சமுத்திரத்தின் மேற்கு ஓரத்திலுள்ள இத்தகைய கடல்களைப் பற்றி டான் காரிக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1971-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெயர்பெற்றது. தோங்கா தீவுகளுக்குப் பின்னேயுள்ள லாவ் படுகை இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது. ஜப்பானுக்குப் பின்னேயுள்ள ஜப்பான் கடலோ சுமார் ஒன்றரைக் கோடி வருஷங்களுக்கு முன் விரிந்தது போதுமென்று நின்றுவிட்டது. இவற்றை வில்லின் பின்படுகைகள் என்று நாம் அழைக்கலாம்.

பின்னே கிழிவது ஏன்? கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் மேல் ஈர வேட்டியைப் போட்டுப் பாருங்கள். உள்ளே தொங்கும் பாகம் கனத்தால் மேலும் மேலும் சரியும். மேலே கிடக்கும் பாகத்தையும் இழுத்துக்கொண்டு போகும். பூமிக்குள் தொங்கும் தட்டும் தன் கனத்தால் இப்படித்தான் சரிகிறது. சரியும்போது அது வளையும் இடம் சிறிது சிறிதாகக் கடல் பக்கமாகப் பின்வாங்குகிறது. மேலேயுள்ள தட்டின் விளிம்பு அந்த இடத்தை விட்டுப் பிரிய முடியாமல் அதனுடனே செல்கிறது. விளிம்பு முன்னே போக, உடல் பின்னே நிற்க, நடுவிலுள்ள நிலம் பிசைந்த மாவை இரு கையாலும் இழுத்தாற்போல மெலிந்து அறுகிறது.

அந்தமானில் இதோடு இன்னொரு விசேஷமும் சேர்ந்துள்ளது. ஜாவாவின் எதிரே நம் தட்டு ஏறக்குறைய நேராக மோதுகிறது. அந்தமான் பக்கத்திலோ வெகு சாய்வாக, உரசிக்கொண்டு செல்கிறது. திருவிழா நெரிசலில் தேரை ஒட்டி நிற்கும் வரிசை, தேர் நகரும்போது தானும் இழுபட்டுப் போவதையும், வீட்டுத் திண்ணையை ஒட்டி நிற்பவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அவ்வாறே மேல்தட்டின் மேற்கு விளிம்பு ஒரு சீவலாகப் பிரிந்து, நம் தட்டோடு வடக்கே இழுபட்டுச் செல்கிறது. அந்தச் சீவல் ஆசியாவிலிருந்து விலகும் இடத்தில் திறந்த இடைவெளியே அந்தமான் கடலின் நடுப்பள்ளம். அதன் வடமுனை பர்மாவின் நடுவே ஓடும் சகாயிங் பிளவோடு சேர்கிறது. 2025-ஆம் வருஷம் மார்ச் 28-ந் தேதி மாண்டலே நகரத்தை அழித்த 7.7 அளவுள்ள பூகம்பம் அந்தப் பிளவில்தான் உண்டாயிற்று. தென்முனை சுமத்ராவின் நெடுகிலும் ஓடும் பிளவோடு சேர்கிறது.

நெருப்பு வரிசை

இந்த எரிமலை வில்லில் நமக்குச் சொந்தமான இரண்டு மலைகள் உள்ளன. ஸ்ரீ விஜயபுரத்துக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது பாரன் தீவு. 'பாரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தரிசு என்று பொருள். குறுக்களவு சுமார் 3 கிலோமீட்டர்தான். கடல் மட்டத்துக்கு மேல் தெரிவது 350 மீட்டர் உயரம். அடிவாரமோ கடலுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருக்கிறது. ஆகவே நாம் காண்பது மலையன்று, மலையின் குடுமி.

பாரன் தீவு நெருப்புக் கக்கியதாக முதன்முதல் எழுதிவைக்கப்பட்ட வருஷம் 1787. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கிப்போய், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்தது. 1991-இல் திடீரென்று விழித்துக்கொண்டது. அதன்பின் 1994-இலும், 2005 முதல் பலமுறையும் புகையும் குழம்பும் கக்கியிருக்கிறது. 2017-ஆம் வருஷம் ஜனவரி மாதம் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கப்பலில் அருகே இருந்தபோதே அது சாம்பலை வீசியெறிந்தது. மனிதர் எவரும் குடியில்லாத அத்தீவில், முன்பு எப்போதோ கப்பற்காரர்கள் விட்டுச்சென்ற ஆடுகளின் வம்சம் மட்டும் எரிமலைச் சரிவில் மேய்ந்து ஜீவித்து வந்திருக்கிறது.

அதற்கு வடக்கே நார்க்கொண்டம். 'நரககுண்டம்' என்பதன் திரிபே இப்பெயர் என்பது பலர் அபிப்பிராயம். 710 மீட்டர் உயரமுள்ள இம்மலை சரித்திர காலத்தில் நெருப்புக் கக்கியதற்குக் குறிப்பில்லை. நரகம் என்ற பெயருக்கு மாறாக அடர்ந்த காடு சூழ்ந்து பசுமையாக இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாய்ச்சிப் பறவை அங்கே மட்டும் வாழ்கிறது. இவ்விரண்டு எரிமலைகளையும் ஆராய்ந்து இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த மாலெட் என்பவர் 1885-இலேயே ஒரு நூல் வெளியிட்டார். வில்லின் வடகோடியில் பர்மாவின் போப்பா மலையும், தென்கோடியில் சுமத்ராவின் எரிமலைகளும் இருக்கின்றன. சுமத்ராவிலுள்ள தோபா சுமார் 74,000 வருஷங்களுக்கு முன் வெடித்தபோது பறந்த சாம்பல், வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்து ஆந்திர தேசத்து ஜுவாலாபுரத்தில் படிந்து, இன்றும் வெள்ளை மண்ணாகக் கிடக்கிறது.

நாற்பது லட்சம் வருஷக் குழந்தை

இவ்வில்லின் பின்னே, கடலின் நடுவில், தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஒரு நீண்ட பள்ளம் செல்கிறது. அதன் இரு கரையிலும் இரண்டு கடலடி மேடுகள். ஒன்றுக்கு ஆல்காக் மேடு என்றும் மற்றொன்றுக்குச் செவெல் மேடு என்றும் பெயர். 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற இந்திய ஆராய்ச்சிக் கப்பலில் பணியாற்றிய இரு வைத்தியர்கள், கடலின் உயிரினங்களையும் ஆழத்தையும் ஆராய்ந்தவர்கள், அவர்கள் பெயரால் அமைந்தவை இவை. இம்மேடுகள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்றும், நடுவே பிளந்து இரண்டாக விலகின என்றும் சாஸ்திரிகள் கருதுகிறார்கள்.

எப்போது விலகின? கடல்தரைப் பாறை குழம்பாக வெளிவந்து உறையும் சமயத்தில், அக்காலத்துப் பூமியின் காந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. அந்தக் காந்தத் தழும்புகளைக் கப்பலில் சென்று அளந்தால் தரையின் வயதைக் கணக்கிடலாம். நம் தேசியக் கடலியல் நிறுவனத்தார் இப்படி அளந்து 2004-இல் வெளியிட்ட கணக்கின்படி, நடுப்பள்ளம் விரியத் தொடங்கிச் சுமார் 40 லட்சம் வருஷங்கள் ஆகின்றன. முதலில் மெதுவாக விரிந்து, பிறகு வேகம் கூடி, வருஷத்துக்கு 38 மில்லிமீட்டர் என்ற அளவை எட்டியது. அதாவது ஒன்றரை அங்குலம்.

நாற்பது லட்சம் வருஷம் என்பது நமக்குப் பெரிது. பூமிக்கு நேற்றைய சங்கதி. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல்லாயுதங்கள் சுமார் 15 லட்சம் வருஷப் பழமையுடையவை. அந்த ஆதி மனிதர் கொற்றலையாற்றங்கரையில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியபோது, அந்தமான் நடுப்பள்ளம் இன்றைய அகலத்தில் ஏறக்குறையப் பாதிதான் திறந்திருந்தது. மனிதன் கண்முன் வளர்ந்த கடல் என்றே இதனைச் சொல்லலாம்.

வண்டலின் கணக்கு

பள்ளம் உண்டானால் அது வெறுமையாக இராது. பாரிவாக்கத்தில் எங்கள் ஏரியைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்யும்தோறும் மேட்டிலிருந்து வரும் நீர் மண்ணைக் கொண்டுவந்து ஏரியில் இறக்கிவிட்டுச் செல்கிறது. தூர் வாராவிட்டால் ஏரி மேடாகிவிடும். ஏரிக்கும் பின்படுகைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஏரியின் அடி அசையாது. ஆகையால் விரைவில் நிரம்பிவிடும். பின்படுகையின் அடியோ வண்டல் விழ விழத் தாழ்ந்துகொண்டே போகும். ஆகவே கிலோமீட்டர்க் கணக்கான கனத்துக்கு அங்கே வண்டல் சேர இடமிருக்கிறது.

அந்தமான் கடலுக்கு மண் கொடுக்கும் வள்ளல் ஐராவதி நதி. உலகத்தில் மிகுதியான வண்டலைக் கடலில் சேர்க்கும் நதிகளுள் அது ஒன்று. வருஷந்தோறும் முப்பது கோடி டன்னுக்குக் குறையாமல் கொண்டுவருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சால்வீன் நதியும் தன் பங்கைச் சேர்க்கிறது. மார்த்தபான் வளைகுடாவில் இறங்கும் இவ்வண்டல் தெற்கே பரவி, கடலின் நடுப்பள்ளத்தையும் வடகிழக்குப் பாகத்தில் மூடிவிட்டிருக்கிறது. ஒருபுறம் பூமி கிழிக்கிறது. மறுபுறம் நதி தூர்க்கிறது. இந்தப் போட்டி இன்னும் முடியவில்லை.

நம் பக்கத்து நிலமும் ஒரு பழைய படுகைதான் என்பதை இங்கே சொல்லவேண்டும். பாரிவாக்கத்துக்கும் பூந்தமல்லிக்கும் மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் பண்டைக்காலத்துச் செடிகொடிகளின் இலைப் பதிவுகள் களிக்கல்லில் கிடைக்கின்றன. பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட் இப்பாறைகளையும் ஆராய்ந்தவர். சுமார் 12, 13 கோடி வருஷங்களுக்கு முன், பாரத நிலம் அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்த காலத்தில் ஏற்பட்ட பிளவில் சேர்ந்த வண்டல் அது. எரிமலை வில்லோ, அமிழும் தட்டோ அங்கே இல்லை. கண்டம் பிரிந்த தழும்பு மட்டுமே. அந்தக் காயம் ஆறி வெகுகாலம் ஆயிற்று. அந்தமானில் காயம் இன்னும் பச்சையாக இருக்கிறது. இரண்டையும் ஒருசேர நினைத்தால், படுகை என்பது ஒரே வகையானதன்று என்பது விளங்கும்.

மண்ணெண்ணெய் டின்னில் இருந்த பாடம்

பின்படுகைகளில் மனிதனுக்கு ஆசை உண்டாவதற்குக் காரணம் எண்ணெய். வண்டலோடு புதைந்த நுண்ணுயிர்களும் தாவரங்களும் ஆழத்தில் வெப்பம் பட்டு எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறுகின்றன. பின்படுகைகளில் மேலோடு மெலிந்திருப்பதால் பூமியின் உள்வெப்பம் மேலே நெருங்கி வந்திருக்கிறது. ஆகையால் இச்சமையல் அதிக ஆழத்துக்குப் போகாமலே நடந்துவிடுகிறது. மத்திய சுமத்ராவின் எண்ணெய் வயல்கள் இதற்கு நல்ல உதாரணம்.

நம் வீட்டுப் பெரியவர்கள் 'பர்மா ஷெல்' மண்ணெண்ணெய் டின்னை மறந்திருக்கமாட்டார்கள். 1928-இல் அமைந்த அந்தக் கம்பெனியின் பெயரிலேயே இந்தப் பாடம் அடங்கியிருந்தது. 'பர்மா' என்ற பாதி, ஐராவதிக் கரையிலுள்ள ஏனாங்சவுங் எண்ணெய்க் கிணறுகளால் செழித்த கம்பெனியைக் குறித்தது. அவ்வூர் எரிமலை வில்லுக்கு முன்புறம், போப்பா மலைக்கு மேற்கே, முன்படுகையில் இருக்கிறது. 'ஷெல்' என்ற பாதியோ, 1890-இல் சுமத்ராவின் வடபாகத்து லங்காட் எண்ணெயை நம்பித் தோன்றிய ராயல் டச்சுக் கம்பெனி 1907-இல் சேர்ந்த கூட்டு. லங்காட் இருப்பது வில்லின் பின்னே, பின்படுகையில். முன்னும் பின்னும் ஊறிய செல்வம் அந்நியர் கைப்பட்டு, நம் அகல்விளக்கை அகற்றி லாந்தரை ஏற்றியது. 1976-இல் அக்கம்பெனியை நம் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதுவே பாரத் பெட்ரோலியம் ஆயிற்று.

அதே வடசுமத்ராப் படுகையில் 1971-இல் அருண் என்ற மிகப் பெரிய வாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தமான் கடலில் பர்மாவுக்குச் சொந்தமான யாதனா வாயு வயல் 1982-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1998 முதல் குழாய் வழியே தாய்லாந்துக்கு வாயு கொடுத்து வந்திருக்கிறது. நம் எல்லைக்குள்ளும் தேடுதல் நடக்கிறது. 2025-ஆம் வருஷம் செப்டம்பரில், ஆயில் இந்தியா நிறுவனம் அந்தமானின் கிழக்குக் கரையிலிருந்து 17 கிலோமீட்டர் தொலைவில், 295 மீட்டர் ஆழக் கடலில் தோண்டிய கிணற்றில் இயற்கை வாயு தென்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவ்விடம் எரிமலை வரிசைக்கு முன்புறம் உள்ளது. வாயு தென்படுவது வேறு. வியாபாரத்துக்குப் போதுமான அளவு இருப்பது வேறு. பத்திரிகைத் தலைப்பைப் பார்த்த அன்றே தேசம் குபேரனாகிவிட்டதென்று எண்ணுவது தகாது. தோண்டும் வேகத்தில், நரககுண்டத்து இருவாய்ச்சியையும் தீவுகளின் ஆதிக்குடிகளையும் மறந்துவிடுவதும் தகாது.

முன்பக்கம் விழித்துக்கொண்டபோது

இதுவரை சொன்னது பின்பக்கத்தின் வரலாறு. முன்பக்கம் என்ன செய்யும் என்பதை 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலை ஆறரை மணிக்கு உலகம் கண்டது. கீழே இறங்கும் நம் தட்டும், மேலேயுள்ள தட்டின் விளிம்பும் பல நூற்றாண்டுகளாக ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. அன்று காலை சுமத்ரா முதல் அந்தமான் வரையில் 1,200 கிலோமீட்டருக்கு மேல் அந்தச் சிக்கல் அறுந்தது. பூகம்பத்தின் அளவு 9.1-க்கு மேல். கடல்தரை துள்ளியது, அதன் மேலிருந்த நீர் முழுவதும் துள்ளியது. இரண்டரை மணி நேரம் கழித்து அலை சென்னைக் கரையை அடைந்தது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். அவர்களில் முக்காற்பங்கினர் நாகப்பட்டினம் மாவட்டத்தார். கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கம் நீருக்குள் நின்றது.

பின்பக்கம் இதற்கு விடையளிக்காமல் இருக்கவில்லை. ஒரு மாதம் சென்ற பின், 2005 ஜனவரி 27 முதல் 30 வரையில், நிக்கோபாருக்குக் கிழக்கே பின்படுகையில் 5-க்கு மேற்பட்ட அளவுள்ள பூகம்பங்கள் நூற்றுக்கு மேல் அடுக்கடுக்காக நிகழ்ந்தன. முன்னே பிடி தளர்ந்ததும் பின்னே இழுவிசை மாறியது. தேர் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தால் வடத்தின் கடைசியில் இருப்பவனும் தள்ளாடுவது போன்றது இது. ஆனால் பின்பக்கத்தில் நிலம் பெரும்பாலும் விலகும், அல்லது பக்கவாட்டில் உரசும். பரந்த கடல்தரையை ஒரே மூச்சில் தூக்கி எறியாது. ஆகவே பேரலைக்கு நாம் அஞ்சவேண்டிய இடம் முன்பக்கமே. இந்த வேற்றுமையை அறிந்துகொள்வதில் பயன் உண்டு. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவுள்ள பூகம்பம் உண்டாகிச் சென்னையிலும் ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அன்று தட்டு பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் சுனாமி எச்சரிக்கை நிலையம் இத்தகைய வேற்றுமைகளை நிமிஷக்கணக்கில் கண்டறியவே ஏற்பட்டது.

வண்டல் ஒரு கர்ணத்தைப் போன்றது; எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது. அந்தமான் கடலின் கிழக்குக் கரையில், தாய்லாந்தில், தக்குவாபா என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்து வணிகரின் பாதுகாப்பில் விடப்பட்டதையும் கூறுகிறது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படை அதே கடலைக் கடந்து கடாரம் சென்றது. அவன் மெய்க்கீர்த்தி சொல்லும் மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகளே. ஆக, இக்கடல் தமிழனுக்குப் புதிதன்று. தமிழர் குளம் தோண்டிய அதே கரையை 2004-இல் பேரலை அழித்தது. அதன்பின் அருகிலுள்ள பிரா தோங் தீவின் சதுப்புகளைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்கள், 2004-இன் மணலுக்குக் கீழே, கரிய மண்ணால் பிரிக்கப்பட்ட மற்றொரு மணல் அடுக்கைக் கண்டார்கள். அது சுமார் 550 முதல் 700 வருஷங்களுக்கு முன் வந்த பேரலை விட்டுச்சென்றது என்று 2008-இல் வெளியிட்டார்கள். வண்டல் எழுதிவைத்திருந்தது, படிப்பார்தாம் இல்லை.

சொல்லும் கட்டளையும்

சுமத்ராவுக்கு மேற்கே சிமெலூ என்ற தீவு உண்டு. 2004-இன் பூகம்பம் பிறந்த இடத்துக்கு மிக அருகே இருப்பது. ஆயினும் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அலையால் மாண்டவர்கள் ஏழு பேரே. காரணம், 1907-இல் அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொன்றது. அதன்பின் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதையில் 'ஸ்மோங்' என்ற ஒரு சொல் நிலைத்தது. நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் அது ஸ்மோங். எதையும் எடுக்காதே, மலைக்கு ஓடு. அவ்வளவுதான் கதை. நூறு வருஷம் கழித்து அந்தக் கதை ஒரு தீவைக் காத்தது. தாய்லாந்தின் சூரின் தீவுகளில் வாழும் மோக்கென் என்ற கடலோடிகளும் தம் முன்னோர் கதையை நம்பிக் குன்றேறிப் பிழைத்தார்கள்.

நமக்கும் 'கடல்கோள்' என்ற பழஞ்சொல் உண்டு. பழைய நூல்களும் உரைகளும் அதைப் பேசுகின்றன. நாமும் பெருமையோடு மேடைகளில் முழங்குகிறோம். ஆனால் நம் சொல்லில் துயரம் இருந்தது, கட்டளை இல்லை. கடல் கொண்டது என்று சொன்னோமேயன்றி, கடல் உள்வாங்கினால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லி வைக்கவில்லை. ஆகையால் 2004-இல் கடல் பின்வாங்கிய கரைகளில், துள்ளிய மீனைப் பிடிக்கவும் வேடிக்கை பார்க்கவும் சென்றவர்கள் உண்டு.

அந்தப் பேரலைக்குப் பின் பிறந்தவர்கள் இன்று வாலிபர்களாகிவிட்டார்கள். அவர்களுக்கு அது பாடப்புத்தகத்தின் ஒரு தேதி. நம் ஊர் கரையிலிருந்து தூரத்தில் இருக்கிறது. ஆனால் எந்த வீட்டில்தான் பெண் கொடுத்த ஊர், வேலைக்குப் போன ஊர், வேளாங்கண்ணிக்கும் திருச்செந்தூருக்கும் நேர்ந்துகொண்ட பிரார்த்தனை இல்லை? கடற்கரையில் கால் வைக்காத தமிழ்க் குடும்பம் ஏது?

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டுவது மிகச் சிறியது. தமிழில் அச்சான பூகோளப் படத்தில், வங்காள விரிகுடாவோடு நின்றுவிடாமல், அதற்கப்பால் தட்டு இறங்கும் கோட்டையும், பாரன் தீவும் நார்க்கொண்டமும் நிற்கும் நெருப்பு வரிசையையும், அதன் பின்னே விரியும் கடலையும் வரைந்து காட்டவேண்டும். முன்னே நெருங்குவதால்தான் பின்னே விரிகிறது என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஈர வேட்டியைக் கொண்டு விளக்கிவிடலாம். அதோடு ஒரே ஒரு வாக்கியத்தையும் சேர்க்கவேண்டும்: நிலம் ஆடினாலும், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலும், வேடிக்கை பார்க்காதே, மேட்டுக்குப் போ. அந்தமானுக்கு அப்பால் கடல் இவ்வருஷமும் ஒன்றரை அங்குலம் விரியும். அதைத் தடுப்பார் இல்லை. நம் பிள்ளைகள் அதை அறிந்திருப்பதும் அறியாமலிருப்பதும் மட்டும் நம் கையில் இருக்கிறது.